கரிசலின் நெடுங்கணக்கு



எட்டயபுரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பாரதியாரில் தொடங்குவர். சங்கீதம் அறிந்தவர்களோ முத்துசுவாமி தீட்சிதரில் தொடங்குவர். 1835-ஆம் ஆண்டில் அந்த மகாவித்துவான் மறைந்தது இவ்வூரில்தான். அவர் எட்டயபுரத்தை நோக்கி வரும் வழியில் நிலம் வெடித்துக் கிடப்பதையும், மக்களும் மாடுகளும் நீரின்றி வாடுவதையும் கண்டு மனம் இளகி, அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினார் என்றும், உடனே மழை கொட்டியது என்றும் ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. கதையின் உண்மையை ஆராய்வது என் நோக்கமன்று. மழை பெய்வித்த பாட்டைப் பற்றிய இந்தக் கதை காவிரிக் கரையில் வழங்காமல் கரிசல் பூமியில் வழங்குகிறது என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். வாய்க்கால் ஓடும் ஊரில் மழை ஓர் இன்பம். வாய்க்கால் இல்லாத எங்கள் ஊரிலோ மழையே வாழ்வு.

வானத்தைப் பார்த்து வாழும் மக்கள் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று வேண்டுவது, மற்றொன்று கணக்கு வைப்பது. வேண்டுதலைப் பற்றி நம் இலக்கியங்கள் நிறையப் பேசியிருக்கின்றன. நான் இன்று பேசப்போவது கணக்கைப் பற்றி. ஒரே நிலத்தை, ஒரே காட்டை, ஒரே ஓடையை, ஆண்டுக்கணக்கில், தலைமுறைக் கணக்கில் விடாமல் பார்த்து எழுதிவைக்கும் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. சூழலியலில் நெடுங்கால ஆராய்ச்சி என்று அதனைச் சொல்லலாம். அகர முதலிய எழுத்துக்களின் வரிசைக்கு நம் முன்னோர் நெடுங்கணக்கு என்று பெயர் வைத்தார்கள். எழுத்து வரிசை தெரியாதவன் ஏட்டைப் படிக்க இயலாது. அது போலவே, ஆண்டுகளின் வரிசை கையில் இல்லாதவன் நிலத்தைப் படிக்க இயலாது.

ஏன் இவ்வளவு நீண்ட காலம் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பதில் நம் காலடியிலேயே இருக்கிறது.

கரிசல் மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நுண்ணிய களிமண் மிகுந்த மண் இது. நீரைக் குடித்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் மேலே உதிரும் மண் அந்த வெடிப்புக்களில் விழுகிறது. மழையில் வெடிப்பு மூடிக்கொள்கிறது. அடுத்த கோடையில் மீண்டும் வேறிடத்தில் திறக்கிறது. இவ்வாறு இந்த மண் தன்னைத்தானே மெல்ல மெல்ல உழுதுகொள்கிறது. இந்த உழவு ஒரு பருவத்தில் கண்ணுக்குத் தெரிவதன்று. மழையோ ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. அதில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் வந்துவிடும். ஆனால், சராசரி என்பது காகிதத்தில் உள்ள மழை. காட்டில் பெய்கிற மழை அன்று. ஓர் ஆண்டு கண்மாய் உடையும். மறு ஆண்டு கண்மாயில் ஆடு மேயும். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் மூன்று மாதம் தங்கி ஆராய்ந்துவிட்டு, "இந்நிலத்தின் இயல்பு இதுவே" என்று எழுதுவாராயின், அவர் எழுதியது அந்த மூன்று மாதத்தின் இயல்பேயன்றி நிலத்தின் இயல்பு ஆகாது.

நிலத்தில் நிகழும் மாறுதல்கள் பலவும் மனித வாழ்நாளைவிட மெதுவானவை. வேறு சில, நாம் பார்க்காத ஓர் இரவில் நிகழ்ந்து முடிபவை. மெதுவானதைக் காணப் பொறுமை வேண்டும்; திடீரென வருவதைக் காண முன்பே அங்கே இருக்க வேண்டும். இரண்டுக்கும் தேவையானது ஒன்றே: விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது.

இதை உலகம் எவ்வாறு கற்றுக்கொண்டது என்பதற்கு இரண்டு மூன்று இடங்களை மட்டும் காட்டுகிறேன்.

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்னும் ஊரில் பிராட்பாக் என்று ஒரு வயல் இருக்கிறது. 1843-ஆம் ஆண்டில் ஜான் பென்னட் லாஸ் என்ற நிலச்சுவான்தாரும், ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற ரசாயன அறிஞரும் அந்த வயலைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒன்றுக்குத் தொழு உரம், ஒன்றுக்கு இன்ன ரசாயன உரம், ஒன்றுக்கு எதுவுமே இல்லை என்று வகுத்துக் கோதுமை விதைத்தார்கள். அன்று தொடங்கிய ஆராய்ச்சி இன்றும் நடைபெறுகிறது. லாஸ் மறைந்தார், கில்பர்ட் மறைந்தார், இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. வயல் மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை. ஒவ்வோர் அறுவடையிலும் எடுத்த தானியமும் வைக்கோலும், அவ்வப்போது எடுத்த மண்ணும் புட்டிகளில் அடைத்துப் பாதுகாக்கப்பட்டுள்ளன. அணுகுண்டு வெடிப்பதற்கு முந்திய காலத்து மண்ணை இன்று ஒருவர் சோதித்துப் பார்க்க விரும்பினால் அங்கே எடுத்துக் கொடுக்க முடியும். அந்தப் புட்டியை மூடிவைத்த மனிதருக்கு அணுகுண்டு என்ற சொல்லே தெரியாது. எதிர்காலம் எதைக் கேட்கும் என்று தெரியாமலே எதிர்காலத்திற்காகச் சேர்த்துவைப்பதுதான் இந்த ஆராய்ச்சியின் பெருமை.

அதே வயலின் ஓர் ஓரத்தில் இன்னொரு காரியம் செய்தார்கள். 1882-ஆம் ஆண்டில் ஒரு துண்டு நிலத்தில் விளைந்த கோதுமையை அறுக்காமல், உழாமல், களை பறிக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். நம் எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதி பிறந்த அதே ஆண்டு. கோதுமை எவ்வளவு காலம் தன்னந்தனியே பிழைக்கும் என்று பார்ப்பதே நோக்கம். நான்கே ஆண்டுகளில், குன்றிப்போன சில செடிகளைத் தவிர, கோதுமை காணாமற்போயிற்று. பின்னர் புல் வந்தது, புதர் வந்தது, மரம் வந்தது. இன்று அந்த இடம் ஒரு சிறு காடு. வயல் எப்படிக் காடாகிறது என்பதைப் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் அந்தப் புத்தகம் எழுதப்பட்டது இத்தகைய இடங்களைப் பார்த்துத்தான்.

அடுத்தது, அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள ஹப்பர்டு புரூக் என்னும் மலைக்காடு. அங்கே ஹெர்பர்ட் போர்மன், ஜீன் லைக்கன்ஸ் முதலிய விஞ்ஞானிகள் 1963-ஆம் ஆண்டில் ஓர் எளிய கணக்கைத் தொடங்கினார்கள். காட்டில் மழையாக விழும் நீரில் என்னென்ன இருக்கின்றன, ஓடையாக வெளியேறும் நீரில் என்னென்ன இருக்கின்றன என்று வரவு செலவு எழுதினார்கள். மழைநீரைச் சோதித்தபோது அது இயல்புக்கு மிஞ்சிய அமிலத் தன்மையுடன் இருக்கக் கண்டார்கள். தொலைவில் உள்ள மின்நிலையங்களின் புகை மழையாகி மலைமேல் இறங்கியிருந்தது. ஒரு மழையைக் காட்டி ஒரு தேசத்தின் தொழிற்சாலைகளைத் திருத்த இயலாது. ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்த கணக்கைக் காட்டியதால்தான், 1990-ஆம் ஆண்டில் அந்நாட்டின் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டபோது அமில மழையைக் கட்டுப்படுத்தும் பகுதியும் அதில் இடம்பெற்றது. அதன் பின்னர் மழையின் அமிலம் குறைந்ததையும் அதே காட்டின் கணக்கே காட்டுகிறது. நோயையும் சொல்லி, மருந்து வேலை செய்ததையும் சொல்லிற்று அந்த ஏடு.

இவை தூர தேசத்துச் செய்திகள். நம் நாட்டிலும் இந்த மரபு புதிதன்று. கான்பூரில் 1885-லும், நம் கோயம்புத்தூரில் 1909-லும் நிரந்தர எரு ஆராய்ச்சிகள் தொடங்கப்பட்டன. கோவையில் உள்ள அந்த வயல் நூறாண்டு தாண்டிவிட்டது. பிறகு 1970-ஆம் ஆண்டில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் பல பகுதிகளிலும் நெடுங்கால உர ஆராய்ச்சிகளை ஒரே திட்டமாக அமைத்தது. இவையெல்லாம் சேர்ந்து சொல்லும் பாடம் ஒன்று உண்டு. தழைச்சத்து உரத்தை மட்டும் ஆண்டுதோறும் கொட்டிவந்த நிலத்தில் தொடக்கத்தில் பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல விளைச்சல் சரிந்தது. சமச்சீரான உரத்தோடு தொழு உரமும் இட்ட நிலம் தன் வளத்தைக் காத்துக்கொண்டது. முதல் இரண்டு ஆண்டுகளின் கணக்கை மட்டும் பார்த்திருந்தால், நாம் இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்திருப்போம். குறுகிய கணக்கு அறியாமையைவிட ஆபத்தானது என்று நான் சொல்லத் துணிவது இதனால்தான்.

எட்டயபுரத்திலிருந்து மேற்கே சில கல் தொலைவில் உள்ள கோவில்பட்டிக்கு வருவோம். அங்குள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. மானாவாரி வேளாண்மைக்கென நாட்டில் அமைந்த மிகப் பழைய நிலையங்களுள் அதுவும் ஒன்று. இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. அகில இந்திய மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சித் திட்டத்தின் மையங்களுள் ஒன்றாகவும் விளங்குகிறது. அங்கே உருவான பருத்தி, சோள வகைகள் ஊரின் முதலெழுத்தான 'கே' என்பதைத் தம் பெயரில் தாங்கி வருவதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள்.

அந்த நிலையம் நமக்குத் தந்த செல்வங்களுள் விதையைவிடப் பெரியது ஒன்று உண்டு என்பது என் கருத்து. அது விதைக்கும் நாளைப் பற்றிய அறிவு. முதல் மழை பெய்த பிறகு விதைப்பது உலக வழக்கம். ஆனால், கரிசல் மண் நனைந்தால் கால் வைக்க முடியாது. ஏரைக் கட்டிக் காட்டிற்குள் இறங்கப் பல நாள் ஆகும். பதம் வந்து விதைத்து முளைப்பதற்குள் பருவத்தின் நல்ல மழை கடந்துபோகும். ஆகவே, மழை பிடிப்பதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவே, செப்டம்பர் மாதத்தில், காய்ந்த மண்ணில் விதைத்துவிடும் முறையை நிலையத்தார் வகுத்துச் சொன்னார்கள். முன்பருவ விதைப்பு என்பது இதுவே. விதையை முன்கூட்டிக் கரைசலில் ஊறவைத்து உலர்த்திக் கடினப்படுத்துவார்கள். சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுவார்கள். சிறு தூறல் அந்த ஆழத்திற்கு எட்டாது. ஆகவே விதை ஏமாந்து முளைத்துக் கருகாது. உண்மையான மழை வந்தால்தான் விழிக்கும்.

எந்த வாரத்தில் விதைப்பது? அதை எவ்வாறு முடிவு செய்வது? இங்கேதான் நெடுங்கணக்கு நமக்குத் துணைக்கு வருகிறது. பல்லாண்டுகளாக நாள்தோறும் மழைமானியில் அளந்து எழுதிய எண்களை வாரவாரியாகப் பிரித்து, எந்த வாரத்தில் போதிய மழை கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுத்தான் அந்த நாளைச் சொல்ல முடியும். காலை எட்டரை மணிக்குக் குடுவையை எடுத்து அளந்து, மழை இல்லாத நாளிலும் மறவாமல் சைபர் என்று எழுதிய ஒருவரின் கையெழுத்தில் இருக்கிறது ஒரு சம்சாரியின் ஆண்டு வருமானம். அந்தச் சைபருக்கும் மதிப்பு உண்டு என்பதை மறவாதீர்கள். மழை பெய்யவில்லை என்பது ஒரு செய்தி. எழுதவில்லை என்பது செய்தியே அன்று.

வயலிலிருந்து காட்டிற்குச் செல்வோம். எங்கள் வட்டாரத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். நான் இப்போது சொல்வது மரங்கள் நிறைந்த காடு. நீலகிரியின் அடிவாரத்தில் முதுமலைக் காட்டில் 50 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு பகுதியை 1988-ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த இராமன் சுகுமார் தலைமையிலான குழுவினர் எல்லை வகுத்தார்கள். அதனுள் ஒரு சென்டிமீட்டர் பருமனுக்குக் குறையாத ஒவ்வொரு மரத்திற்கும் எண் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் எது செத்தது, எது புதிதாக வந்தது என்று எண்ணுகிறார்கள்; சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பருமனை அளக்கிறார்கள். யானை ஒடித்ததும் தீ எரித்ததும் அவர்கள் ஏட்டில் ஏறுகின்றன. அந்த ஏடு காட்டும் ஓர் உண்மையைக் கேளுங்கள். கடும் வறட்சி வந்த ஆண்டிலேயே பெரிய மரங்கள் சாவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தே சாகின்றன. ஓர் ஆண்டு மட்டும் பார்த்தவர் வறட்சியால் காட்டிற்குக் கேடில்லை என்று எழுதிச் சென்றிருப்பார். பிந்தி வந்து பார்த்தவர் நல்ல மழை பெய்த ஆண்டில் மரம் ஏன் பட்டது என்று திகைத்திருப்பார். இரண்டையும் பார்த்தவருக்கே காரணமும் காரியமும் தெரிந்தன.

இவ்வாறு ஆங்காங்கே தனித்தனியே நடந்த வேலைகள் பின்னர் ஒன்றோடொன்று கை கோத்தன. அமெரிக்காவில் 1980-ஆம் ஆண்டில் ஆறு இடங்களுடன் நெடுங்காலச் சூழலியல் ஆராய்ச்சிக்கென ஓர் அமைப்புத் தொடங்கியது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட இடங்கள் அதில் உள்ளன. புல்வெளி, பாலை, கடற்கரை, துருவப் பனி இவற்றோடு நகரமும் ஆராய்ச்சிக்குரிய நிலமே என்று ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. 1993-இல் பல நாடுகளும் சேர்ந்து ஓர் உலக அமைப்பை ஏற்படுத்தின. நம் மத்திய அரசும் 2015-ஆம் ஆண்டில் நெடுங்காலச் சூழலியல் நோக்கு நிலையங்களுக்கான திட்டம் ஒன்றை அறிவித்தது. இமயத்தின் மேற்கு, கிழக்கு, காஷ்மீரம், வடமேற்கின் வறள்நிலம், நடு இந்தியக் காடுகள், மேற்குத் தொடர்ச்சி மலை, சுந்தரவனம், அந்தமான் நிகோபார்த் தீவுகள் என எட்டுப் பகுதிகளை அது தேர்ந்துகொண்டது.

இது மகிழ்ச்சியான செய்தியே. ஆனால், அந்தப் பட்டியலைப் படிக்கும்போது கரிசல் நாட்டான் ஒருவனுக்கு ஓர் ஏக்கமும் தோன்றும். மலைக்கு இடம் உண்டு, தீவுக்கு இடம் உண்டு. மனிதனும் மாடும் கருவேலமும் கம்பும் சேர்ந்து வாழும் நம்மைப் போன்ற மானாவாரிச் சமவெளிக்கு அதில் தனி இடம் இல்லை. காடு என்றால் பசுமை, பசுமை என்றால் ஆராய்ச்சி என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. நம் நிலமோ பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் பொட்டல். ஆனால், குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் பூனைப்பருந்துகள் இந்தப் பொட்டலில்தான் தாழப் பறந்து இரை தேடுகின்றன. சோளப்பட்சிக் கூட்டங்கள் இந்தக் கதிர்களைத்தான் நாடி வருகின்றன. வல்லநாட்டுக் குன்றில் வெளிமான்களுக்கென 1987-ஆம் ஆண்டிலேயே சரணாலயம் ஏற்பட்டது. வெளிமானுக்கு வேண்டியது அடர்ந்த காடு அன்று, பெயருக்கேற்ற வெளி. பொட்டல் என்று நாம் சொல்வது பல உயிர்களுக்கு வீடு.

கணக்கு இல்லாததால் நாம் இழந்தது என்ன என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வேலிக்கருவையை உங்களில் பார்க்காதவர் இருக்க மாட்டார். அந்நிய நாட்டு மரம். தென்னிந்தியாவிற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. இன்று கண்மாயிலும் தரிசிலும் அது படர்ந்திருக்கிறது. அது நிலத்தடி நீரைக் குடித்துவிடுகிறது என்பது ஒரு கட்சி. ஏழையின் அடுப்புக்கும் கரிமூட்டத்திற்கும் அதுவே துணை என்பது மற்றொரு கட்சி. இந்த வழக்கு நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. ஊருக்கு ஒரு கிணற்றில், அந்த மரம் வருவதற்கு முன்னும் பின்னும், ஆண்டுதோறும் ஒரே நாளில் நீர்மட்டத்தைக் கயிற்றால் அளந்து எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் இருந்திருந்தால் அந்த விவாதம் எவ்வளவு எளிதாகியிருக்கும்! கயிற்றுக்கும் நோட்டுக்கும் ஆகும் செலவு என்ன? பார்த்தவர் பலர், எழுதியவர் இல்லை.

எழுதத் தொடங்கினாலும் போதாது, தொடர வேண்டும். வானமண்டலத்தில் கரியமில வாயு பெருகுவதை உலகிற்கு எண்ணிக்கையால் காட்டியவர் சார்லஸ் டேவிட் கீலிங். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ஆம் ஆண்டில் அவர் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறக்குறைய 315 பங்கு அந்த வாயு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அந்தப் புகழ்பெற்ற கோட்டில் ஓரிடத்தில் ஒரு சிறு இடைவெளி உண்டு. 1964-ஆம் ஆண்டில் பணமின்மையால் சில மாதம் அளவை நின்றது. பின்னர் எத்தனை கோடி செலவிட்டாலும் அந்தச் சில மாதங்களின் காற்றை மலைமேல் நின்று பிடித்துவர யாராலும் இயலாது.

அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நான் ஆசிரியனாக இருந்த நாட்களில், நம் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றின் மழைப் பதிவேட்டைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஊரின் பெயர் வேண்டாம். பதினோர் ஆண்டுகள் ஒரே ஆசிரியர் கையால், நீல மையில், ஒரு நாள் தவறாமல் எழுதியிருந்தார். பிறகு அவர் மாற்றலாகிப் போனார், பக்கங்கள் வெறுமையாயின. மூன்றாண்டு கழித்து வேறொருவர் மீண்டும் தொடங்கியிருந்தார். இடையில் வந்த அந்த மூன்று ஆண்டுகளில்தான் ஊரார் மாடுகளை விற்றுவிட்டுப் பிழைப்புத் தேடிப் போன பஞ்சம் வந்தது என்று கிழவர்கள் சொன்னார்கள். எவ்வளவு மழை குறைந்ததால் ஊர் கலைந்தது? இன்னொரு முறை அந்த அளவுக்குக் குறையும்போது முன்கூட்டியே எச்சரிக்க முடியுமா? கேள்வி இருந்தது, விடை இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைத்தாள் இருந்தது. மழைமானி உடையவில்லை, நோட்டு தொலையவில்லை. அடுத்த கை இல்லை, அவ்வளவே.

மாணவ நண்பர்களே, அந்த அடுத்த கையாக நீங்கள் இருக்க முடியும் என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன். இது தியாகம் மட்டும் அன்று. நல்ல தொழிலும் ஆகும்.

கல்லூரியில் தாவரவியல், விலங்கியல், வேளாண்மை, புள்ளியியல் படிப்பவர்களுக்கு இத்துறையில் வழிகள் திறந்திருக்கின்றன. நம் மாவட்டத்திலேயே கிள்ளிகுளத்தில் வ. உ. சிதம்பரனார் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. மானாவாரி வேளாண்மைக்கென ஹைதராபாத்தில் மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சூழலியல் மையமும், டேராடூனில் இந்திய வனவிலங்குக் கழகமும், கோவை ஆனைகட்டியில் சலீம் அலியின் பெயர் தாங்கிய பறவையியல் மையமும் உள்ளன. புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் கர்நாடகத்தின் உப்பங்கலா என்னும் மழைக்காட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மரங்களை அளந்து வருகிறார்கள். இத்தகைய நிலையங்களில் களப்பணிக்கு உதவியாளர்கள் தேவைப்படுவதுண்டு. அங்கே பட்டத்தோடு வேறு சில தகுதிகளும் மதிக்கப்படும்: வெயிலில் நடக்கும் கால், செடியைப் பார்த்தவுடன் பெயர் சொல்லும் நினைவு, ஊராரோடு அவர்கள் மொழியில் பேசும் நாக்கு, எண்ணைத் திருத்தாமல் எழுதும் நேர்மை. கரிசல் கிராமத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இவற்றுள் பாதி பிறவியிலேயே வந்தவை.

வெளிநாட்டிற்குப் போகாமலே உலக ஆராய்ச்சியில் கலந்துகொள்ளவும் வழி உண்டு. அமெரிக்க அமைப்பின் நிலையங்கள் சேர்த்த புள்ளிவிவரங்கள் யாவரும் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் வைக்கப்பட்டுள்ளன. ஒரு கணிப்பொறியும் சிறிது கணிதமும் கைவசம் இருந்தால், கோவில்பட்டியில் உட்கார்ந்தபடியே ஹப்பர்டு புரூக் ஓடையின் கணக்கை நீங்கள் ஆராயலாம்.

பள்ளி மாணவர்கள் படித்துப் பட்டம் பெறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, அது எப்போது துளிர்க்கிறது, பூக்கிறது, காய்க்கிறது என்று வாரம் ஒரு முறை பார்த்து எழுதும் 'சீசன்வாட்ச்' என்ற திட்டம் நம் நாட்டில் பல ஆண்டுகளாக நடைபெறுகிறது. பள்ளிப் பிள்ளைகளே அதன் முக்கியமான உறுப்பினர்கள். பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பறவைகளை எண்ணும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணும் பணி 2011-இல் தொடங்கியது. வேப்பமரம் இல்லாத பள்ளி நம் பக்கத்தில் உண்டா? கண்மாய் இல்லாத ஊர் உண்டா? ஆயுதம் கண்ணும் பென்சிலும்தான்.

எழுதும்போது சில விதிகளை மட்டும் கடைப்பிடியுங்கள். நாள், நேரம், இடம் மூன்றையும் முதலில் எழுதுங்கள். ஒரே இடத்தில், ஒரே முறையில் அளவெடுங்கள். முறையை மாற்ற நேர்ந்தால், மாற்றிய நாளையும் குறியுங்கள். ஊகித்ததைக் கண்டதுபோல் எழுதாதீர்கள். ஒன்றும் இல்லாத நாளில் ஒன்றும் இல்லை என்று எழுதுங்கள். ஒரு பிரதி உங்களிடமும் ஒரு பிரதி பள்ளியிலும் இருக்கட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, நீங்கள் ஊரைவிட்டுப் போகும்போது அந்த நோட்டை யாரிடம் கொடுக்கப்போகிறீர்கள் என்பதைத் தொடங்கும் நாளிலேயே முடிவு செய்யுங்கள். பத்தாம் வகுப்பு மாணவன் எட்டாம் வகுப்பு மாணவியைப் பழக்கட்டும். அவள் ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் பழக்கட்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் விட்டுவிடாதீர்கள். எந்தக் காற்று எந்த மாதத்தில் திரும்பும், எந்தப் பூச்சி எந்தப் பயிரில் முதலில் தோன்றும் என்று அவர்கள் அறிவார்கள். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் இவ்வட்டாரத்தின் சொற்களைத் திரட்டி ஓர் அகராதி செய்தார். மண்ணுக்கும் மழைக்கும் மாட்டுக்கும் நம் முன்னோர் வைத்திருந்த பெயர்கள் அவ்வாறு காக்கப்பட்டன. ஒரு சொல் மறைந்தால் அந்தச் சொல் குறித்த பொருளைப் பார்க்கும் கண்ணும் மங்கிவிடுகிறது. பெரியவர்கள் சொல்வதை எழுதி, பக்கத்தில் நீங்கள் அளந்ததையும் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் மகிழுங்கள். மாறுபடும் இடத்தில் ஆராயுங்கள். பழைய கணக்குப்படி காற்று திரும்பவில்லை என்றால், மாறியது காற்றா, நம் நினைவா என்பதை நோட்டு ஒன்றே சொல்லும்.

நிலம் நம் கண்முன்னே மாறிக்கொண்டிருக்கிறது. கம்பும் சோளமும் விளைந்த காடுகளில் மக்காச்சோளம் வந்தது. 2018-ஆம் ஆண்டில் படைப்புழு என்ற அந்நியப் புழு இந்தியாவிற்குள் நுழைந்து அந்த மக்காச்சோளத்தைத் தின்றது. அதே ஆண்டில் நம் மாவட்டமும் அதன் வாய்க்குத் தப்பவில்லை. அதற்கு முந்திய ஆண்டுகளில் இந்தக் காடுகளில் எந்தப் பூச்சி எவ்வளவு இருந்தது, அதனைத் தின்னும் குருவி எவ்வளவு இருந்தது என்ற கணக்கு கையில் இருந்தவர்களுக்கே அந்தப் புழுவால் நேர்ந்த மாறுதலை அளந்து சொல்ல முடியும். அடுத்த மாறுதல் எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வரும்போது நம்மிடம் ஏடு இருக்கிறதா என்பது மட்டும் நம் கையில் உள்ளது.

ஆகவே ஒன்றே ஒன்று வேண்டுகிறேன். வருகிற வாரத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்கள் ஊரில் ஒரு மரம், ஒரு கிணறு, ஒரு கண்மாய், இவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதல் பக்கத்தில் நாளைக் குறித்து, கண்டதை எழுதுங்கள். முதல் ஆண்டில் அது வெறும் குறிப்பு. பத்தாம் ஆண்டில் அது சான்று. ஐம்பதாம் ஆண்டில் அது உங்கள் ஊரின் சொத்து. அந்த ஐம்பதாம் ஆண்டில் அதை எழுதப்போகிற பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முதல் பக்கம் ஒன்று வேண்டும்.